‘பழைய ஆளே பரவாயில்லை’: வலையொலியில் புதுக் குரலுக்கு வரும் ஏச்சும் பேச்சும்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் புது அங்கம் வெளியாகிறது. ஒன்பதரைக்குள் முதல் கருத்து வந்துவிடுகிறது: “புதுசா வந்த அந்தப் பொண்ணு ஏன் இப்படிக் கத்துது? பழைய ஆளே பரவாயில்லை.” பத்து மணிக்கு அந்த வரியின் படம் அம்மாவின் புலனக் குழுவுக்குப் போய்ச் சேர்கிறது. மறுநாள் பசாரில் பார்க்கும் மாமா ஒருவர், “நல்லாத்தான் பேசுறம்மா, அந்தச் சிரிப்பை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ” என்கிறார். அவர் நிகழ்ச்சியை முழுதாகக் கேட்டிருக்க மாட்டார். மனைவி சொல்லித் தெரிந்திருக்கும்.

இருவர் சேர்ந்து தொடங்கிய வலையொலியில் ஒருவர் வேலை மாறிப் போகிறார், அல்லது திருமணமாகிச் சிங்கப்பூருக்குப் போகிறார், அல்லது அலுத்துப்போய் விலகுகிறார். அந்த நாற்காலியில் புதியவர் வந்து உட்காருகிறார். தொடக்க இசை பழையது, நேயர்கள் பழையவர்கள், குரல் மட்டும் புதியது. வானொலி நிலையத்தில் சேர்பவருக்குக் குரல் தேர்வு உண்டு, பயிற்சி உண்டு, தவறினால் கூப்பிட்டுச் சொல்ல மூத்தவர் உண்டு. வலையொலியில் சேர்பவருக்கு ஓர் ஒலிவாங்கியும் ஒரு நண்பரும்தான். முதல் மாதம் ஏச்சு வாங்கி, மூன்றாம் மாதம் “வேலை அதிகமாயிடுச்சு” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பல நேரம் அதிகமானது வேலை இல்லை.

அந்த ஏச்சில் எதைக் காதில் வாங்குவது, எதை விடுவது, எதற்குக் காவல் நிலையம் வரை போவது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். அதற்கு முன், நேயருக்குப் புதுக் குரல் ஏன் உறுத்துகிறது என்பது தெரிய வேண்டும்.

1956ஆம் ஆண்டில் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வானொலி, தொலைக்காட்சி நேயர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நிகழ்ச்சி நடத்துபவர் நேயரை அறிந்திருப்பதில்லை; ஆனால் நேயருக்கோ அவர் நெடுநாள் நண்பர் போல ஆகிவிடுகிறார் என்பது அதன் மையக் கருத்து. காதுக்குள் செருகிக் கேட்கும் வலையொலியில் இந்த நெருக்கம் இன்னும் கூடுதல். விடியற்காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவருக்கு அந்த இரண்டு குரல்களும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறவர்கள். ஒருநாள் அதில் ஒருவர் சொல்லாமல் காணாமல் போய், அவர் இடத்தில் யாரோ உட்கார்ந்து சிரித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். முதல் மூன்று நான்கு அங்கங்களுக்கு வரும் குறைகளில் பெரும்பகுதிக்குப் பொருள் “அவர் எங்கே?” என்பதுதான். திட்டு வாங்குவது புதியவர் என்றாலும், நேயர் தேடுவது பழையவரை.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸயோன்க் 1968இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே ஆறுதல் தரும். ஒரு பொருளை மீண்டும் மீண்டும் பார்த்தோ கேட்டோ பழகுவதாலேயே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று அவர் காட்டினார். ஆகவே இரண்டாவது அங்கத்துக்கு வந்த கருத்துகளை வைத்துத் தன்னைப் பற்றி முடிவெடுப்பது அவசரம். பத்து அங்கம் போகட்டும் என்று தொடக்கத்திலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பத்து என்ற எண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. வாரம் ஒன்று வெளியானால் இரண்டரை மாதம். நேயரின் காது பழகவும் பேசுகிறவரின் நாக்கு பழகவும் அவ்வளவாவது வேண்டும்.

புதியவரைத் தளர வைக்கும் முதல் ஆள் நேயராக இல்லாமல் அவராகவே இருப்பதும் உண்டு. தன் குரலைப் பதிவில் கேட்டு, “இது நானா?” என்று முகம் சுளிக்காதவர் குறைவு. இதற்குக் காரணம் எலும்பு. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி மண்டை ஓட்டின் எலும்பு வழியாகவும் உட்செவிக்குப் போகிறது. எலும்பு கனமான, தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் நமக்கு நம் குரல் எப்போதும் கனமாகக் கேட்கிறது. பதிவில் காற்று வழி வந்த ஒலி மட்டும் இருக்கிறது. மெலிந்து, கீச்சென்று தோன்றுகிறது. பிலிப் ஹோல்ஸ்மன், கிளைட் ரௌசி ஆகியோர் 1966இலேயே இந்த அதிர்ச்சியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆக, மற்ற எல்லாரும் பிறந்ததிலிருந்து கேட்டுவரும் குரல் அந்தப் பதிவில் உள்ள குரல்தான். அதைக் கேட்டு அதிர்பவர் ஒருவரே. இந்தச் சுளிப்போடு இருக்கும்போது “உன் குரல் நல்லா இல்ல” என்று ஒரு வரி வந்தால், ‘எனக்குத்தான் தெரியுமே’ என்று மனம் உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறது. அதனால், கருத்துகளைப் படிக்கும் முன் தன் பழைய பதிவுகளை நாலைந்து முறை கேட்டுப் பழகிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி அந்தக் “கத்துது” என்ற சொல்லுக்கு வருவோம். ஆளைப் பற்றியது போல் ஒலிக்கும் பல குறைகள் உண்மையில் ஒலிவாங்கியைப் பற்றியவை.

வீட்டு அறையில் ஒரே மேசை, ஒரே ஒலிவாங்கி. பழையவர் அதன் முன்னால் உட்கார்ந்து பழகியவர். புதியவர் மேசையின் ஓரத்தில் உட்கார்கிறார். ஒலிவாங்கியிலிருந்து தூரம் இருமடங்கானால் ஒலி அளவு சுமார் 6 டெசிபல் குறையும். தொகுப்பவர் கணினியில் அந்தக் குரலைத் தூக்கிவிடுகிறார். அப்போது குரலோடு சேர்ந்து சுவரின் எதிரொலியும் காற்றாடிச் சத்தமும் தூக்கப்படுகின்றன. போதாக்குறைக்குப் பதற்றத்தில் இருப்பவர் வழக்கத்தைவிட உயர்ந்த குரலில், வேகமாகப் பேசுவார். காதில் செருகிக் கேட்கும் நேயருக்குப் பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவும் புதியவர் கழிவறையிலிருந்து கத்துவது போலவும் கேட்கிறது. நேயருக்கு டெசிபல் தெரியாது, தெரியவும் வேண்டாம். “கத்துது” என்று எழுதுகிறார். அவர் சொன்னது சரி. காரணம் மட்டும் வேறு.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு இல்லை. ஆளுக்கோர் ஒலிவாங்கி, வாயிலிருந்து ஒரு சாண் தூரம். வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் திருப்பி வைத்தால் ‘ப’கரம் வரும்போதெல்லாம் காற்று மோதி ‘புப்’ என்று வெடிக்காது. இருவர் குரலையும் தனித்தனிக் கோப்பாகப் பதிவுசெய்து, பிறகு ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆப்பிள் நிறுவனம் தன் வலையொலித் தளத்துக்குப் பரிந்துரைக்கும் அளவு மைனஸ் 16 எல்.கே.எஃப்.எஸ்.; பல மென்பொருள்கள் இதையே எல்.யு.எஃப்.எஸ். என்று காட்டும், இரண்டும் ஒன்றுதான். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளிலேயே இந்த அளவைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. துணி அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கி உட்கார்ந்து பேசினால் எதிரொலி பாதி அடங்கும். துத்தநாகக் கூரை வீட்டில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய பதிவை விட்டுவிடுவதைத் தவிர வழி கிடையாது.

வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை: ஓடும் காரிலோ பேருந்திலோ ஒற்றைக் காதில் மட்டும் செருகிக் கேட்டுப் பார்க்க வேண்டும். நேயர்களில் பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். அமைதியான அறையில் தலையணிக் கருவி போட்டுக் கேட்கும் தொகுப்பாளருக்கு எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும்.

அந்தச் சோதனையில் இன்னொன்றும் பிடிபடும். நேரில் பேசும்போது எதிராளி பேசப் பேச “ம்ம்”, “ஆமா ஆமா”, “ஐயோ” என்று ஒத்து ஊதுவது மரியாதை; ஊதாவிட்டால்தான் கோபித்துக்கொண்டானோ என்று நினைப்போம். ஒலிப்பதிவில் அதே “ஆமா ஆமா” குறுக்கீடாகக் கேட்கிறது. முகம் தெரியாது, தலையாட்டல் தெரியாது. இரண்டு குரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது மட்டும் கேட்கும். அதிலும் இரண்டு குரலும் ஒரே கனத்தில் இருந்தால் யார் பேசுகிறார் என்றே தெரியாமல் போகும். “புது ஆள் பேசவே விட மாட்டேங்குறாரு” என்று வரும் குறைக்கு வேர் இதுதான். வேடிக்கை என்னவென்றால், பழைய அறிவிப்பாளரும் அதே அளவு குறுக்கிட்டிருப்பார். அவர் குரல் பழகிப்போனதால் அது உரையாடலாகவும் புதியவருடையது குறுக்கீடாகவும் கேட்கும். நியாயமில்லைதான். ஆனாலும் தலையை மட்டும் ஆட்டி, வாயை மூடி வைத்துக்கொள்ளப் பழகுவது இருவருக்குமே நல்லது. இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். முதல் சில அங்கங்களில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டால், எந்தக் குரல் யாருடையது என்று நேயர் மனத்தில் பதியும்.

ஒலியும் குறுக்கீடும் சுலபமானவை. இந்த நாட்டில் தமிழில் பேசத் துணிகிறவரின் நெஞ்சில் குத்துவது மூன்றாவது வகை: “முதல்ல தமிழ் ஒழுங்கா பேசக் கத்துக்கிட்டு வரச் சொல்லுங்க.”

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மின்னல் எஃப்எம் இன்று அந்தப் பெயரில் இருந்தாலும், ‘வானொலி 6’ என்று இருந்த காலத்திலும் அதற்கு முன்பும் தோட்டத்து லயன் வீடுகளில் தமிழுக்கான அளவுகோல் அந்த வானொலிதான். அறிவிப்பாளர் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகளைத் திருத்திய பெற்றோர் உண்டு. அறிவிப்பாளர் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் நிலையத்துக்குக் கடிதம் எழுதிய நேயர்களும் உண்டு. கடிதம் போய்ச் சேர நாலு நாள் ஆகும். எழுதியவரின் கோபமும் அஞ்சலில் கொஞ்சம் ஆறிவிடும். இன்று அதே நேயருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும், கையில் கைப்பேசி இருக்கும், கோபம் ஆறுவதற்குள் அனுப்பிவிடுவார். அவர் கேட்பது அறிவிப்பாளர் தமிழ். வலையொலியில் கிடைப்பது வீட்டுக்கூடத்துத் தமிழ். அந்த இடைவெளியில்தான் புதியவர் மாட்டிக்கொள்கிறார்.

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், தேசியப் பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளும் நிறைய. அவர்களில் ஒருவர் இருபத்தைந்து வயதில் ஒலிவாங்கி முன்னால் தமிழில் பேச வருகிறார் என்றால் அது சின்னக் காரியமில்லை. அவரைப் பார்த்து “தமிழ் தெரியாத உனக்கு எதுக்கு இந்த வேலை” என்று ஒருவர் எழுதினால், அவர் அடுத்த மாதம் ஆங்கிலத்தில் வேறொரு வலையொலி தொடங்கிவிடலாம். அதில் அவரை யாரும் திட்டப்போவதில்லை. இழப்பு யாருக்கு என்று அந்தக் கருத்தை எழுதியவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

அதற்காக மொழி பற்றிய குறையை எல்லாம் ஒதுக்கித் தள்ளுவதும் தவறு. உச்சரிப்பு திருத்தக்கூடியது. ‘கிலி’ என்றால் பயம், ‘கிளி’ என்றால் பறவை, ‘கிழி’ என்றால் கிழிப்பது. மூன்றையும் ஒன்றாகச் சொன்னால் நேயர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. ‘ல’கரத்துக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ‘ள’கரத்துக்கு நாக்கு பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ‘ழ’கரத்துக்கும் அதேபோல் வளையும், ஆனால் ஒட்டாமல் வருடிக்கொண்டு போகும். தினமும் ஐந்து நிமிடம் நாளிதழ் ஒன்றை வாய்விட்டு வாசித்து, அதைப் பதிவுசெய்து கேட்டால் இரண்டு மாதத்தில் காதுக்கே வித்தியாசம் தெரியும். வாலை, வாளை, வாழை என்று குளித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பவர்களும் உண்டு. குளியலறைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் பாவம்.

கலப்புச் சொல் வேறு விவகாரம். ‘தாமான்’, ‘ஐசி’, ‘பாசார் மாலாம்’ போன்ற சொற்கள் இந்த மண்ணில் தமிழர் வாழ்க்கையோடு கலந்தவை. ‘ஐசி’யை ‘அடையாள அட்டை’ என்று செய்தியில் வாசிக்கலாம். நண்பர்கள் இருவர் பேசும் நிகழ்ச்சியில் அப்படிப் பேசினால் நாடக வசனம் போல இருக்கும். இன்னொரு பக்கம், தமிழ்நாட்டுப் படங்களைப் பார்த்துச் சென்னைத் தமிழில் பேச முயன்றால் “ஏன் சென்னைக்காரன் மாதிரி பேசுற?” என்று அதே நேயர்களே கேட்பார்கள். இரண்டு பக்கமும் இடி. எந்த அளவு கலப்பு, எந்த நடை என்பதை நிகழ்ச்சி நடத்தும் இருவரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். அது நிகழ்ச்சியின் முடிவு என்பதால் பதிலையும் நிகழ்ச்சியின் பெயரிலேயே சொல்ல வேண்டும். புதியவர் தனியாக நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

பதில் எழுதும் விதத்திலும் நம் வழக்கம் உதவும். “நன்றி ஐயா, ‘பழம்’ என்பதை நான் தவறாகச் சொன்னது உண்மைதான். அடுத்த அங்கத்தில் கவனமாக இருப்பேன்” என்று இரண்டு வரி எழுதினால், திட்டிய பெரியவரே அடுத்த வாரம் “பரவாயில்லம்மா, முன்னேற்றம் தெரியுது” என்று எழுதுவது நடக்கக்கூடியதுதான். அவரை ‘அங்கிள்’ என்று கிண்டலடித்து ஒரு படம் போட்டால் இளையோர் நாலு பேர் சிரிப்பார்கள். அவரோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்த நாற்பது பேர் போய்விடுவார்கள். நீண்ட விளக்கம் எப்போதும் வேண்டாம். நள்ளிரவில் எழுதும் பதில் அறவே வேண்டாம்.

மலேசியத் தமிழருக்கு உரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க வலையொலிக்காரருக்கு நேயர் யாரோ முகம் தெரியாதவர். இங்கே நேயர் அப்பாவோடு தோட்டத்தில் வளர்ந்தவராக இருப்பார், அத்தையின் சம்பந்தியாக இருப்பார், கோவில் நிர்வாகத்தில் இருப்பார். குறை திரைக்குள் நிற்காது. தீபாவளிக்கு வீடு வீடாகப் போகும்போது முறுக்குத் தட்டோடு சேர்ந்து வரும். “உங்க மக ஏன் அந்த நிகழ்ச்சியில அப்படிப் பேசுறா? நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா…” என்று அம்மாவிடம் இழுப்பார்கள். மகளால் நேயரைத் தாங்கிக்கொள்ள முடியும்; அம்மாவின் வாடிய முகத்தைத் தாங்க முடியாது. பல பெண்கள் விலகுவது இந்த இடத்தில்தான்.

அதனால் நிகழ்ச்சியில் சேரும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது பிறகு வரும் பாதிச் சண்டையைத் தவிர்க்கும். என்ன நிகழ்ச்சி, யாரோடு, எதைப் பற்றிப் பேசுவோம், எதைப் பற்றிப் பேச மாட்டோம் என்று சொல்லி, ஓர் அங்கத்தைக் கூட உட்கார வைத்துக் கேட்க வைத்தால், பிறகு யாராவது அம்மாவிடம் இழுக்கும்போது “நான் முழுசாக் கேட்டேனே, அப்படியொன்னும் இல்லையே” என்று அவரே சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் எந்தக் கருத்துப் பகுதியும் நிற்காது.

பெண் குரலுக்கு வரும் ஏச்சு எங்கும் ஒரு தனி ரகம். அமெரிக்காவின் புகழ்பெற்ற ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ வானொலி நிகழ்ச்சிக்கு, அதில் பேசும் இளம் பெண் செய்தியாளர்களின் குரல் கரகரக்கிறது, கேட்கச் சகிக்கவில்லை என்று கடுமையான மின்னஞ்சல்கள் வந்தன. 2015 ஜனவரியில் அதன் நடத்துனர் ஐரா கிளாஸ் இதையே ஓர் அங்கத்தில் எடுத்துப் பேசினார். தன் குரலும் அதே போல் கரகரக்கிறது, ஆனால் அதற்காகத் தனக்கு ஒரு குறையும் வந்ததில்லை என்பதை அவர் ஒலிபரப்பிலேயே சொன்னார். நேயருக்கு உறுத்தியது கரகரப்பு என்றால் அவருக்கும் கடிதம் வந்திருக்க வேண்டும். “சிரிப்பைக் குறைச்சுக்கோ” என்ற அறிவுரை பக்கத்தில் உட்கார்ந்து அதைவிட உரக்கச் சிரித்த ஆணுக்கும் வந்ததா என்று பார்த்தால் போதும், அது சிரிப்பைப் பற்றிய குறையா என்பது தெரிந்துவிடும்.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பேசியவர் யார் என்பது. திட்டு வாங்கிய இளையவர்களைத் தனியே பதில் சொல்ல விடாமல், நிகழ்ச்சியின் மூத்த குரலே அதைக் கையில் எடுத்தது. நம் வலையொலிகளில் பழைய அறிவிப்பாளர் பெரும்பாலும் “அதெல்லாம் கண்டுக்காத லா” என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கு எளிது; அவரை யாரும் திட்டவில்லை. முதல் அங்கத்திலேயே பழையவர் ஏன் போனார், எப்போதாவது வருவாரா, புதியவர் யார், அவரை ஏன் அழைத்தோம் என்று மூன்று நிமிடம் பேசியிருந்தால் “அவர் எங்கே?” என்ற கேள்வி பாதியாகக் குறைந்திருக்கும். விலகிச் செல்பவரே வந்து ஓர் அங்கத்தில் மூவராக உட்கார்ந்து இடம் மாற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. புதியவருக்கென்று அவருக்குத் தெரிந்த துறையில் பத்து நிமிடப் பகுதி ஒன்று வேண்டும். கால்பந்தோ, சமையலோ, ஈபிஎஃப் கணக்கோ, எதுவாகவும் இருக்கலாம். பழையவரின் நகைச்சுவைக்கு “ஹா ஹா” போடும் வேலை மட்டும் கொடுத்தால், இவர் எதற்கு என்று நேயர் கேட்கத்தான் செய்வார்.

கருத்துகளைப் படிப்பதற்கும் ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். வெளியான அன்றிரவு புதியவர் படிக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து, பழையவர் எல்லாவற்றையும் பார்த்து, ஒலி, பேச்சு, மொழி, தகவல் பிழை என்று பயனுள்ளவற்றை மட்டும் எழுதிக் கொடுக்கலாம். நூறு நல்ல சொல்லை மறந்து ஒரு கெட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் புரள்வது பலவீனமில்லை. மனித மனத்தின் அமைப்பே அது. உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் உடனிருந்தோரும் 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே ‘நல்லதைவிடக் கெட்டது வலிமையானது’ என்ற பொருளில்தான் இருக்கும். எனவே படிப்பதை இன்னொருவர் கையில் கொடுப்பது கோழைத்தனம் ஆகாது. ஒரே குறையை வெவ்வேறு ஆட்கள் மூன்று பேர், வெவ்வேறு அங்கங்களில் சொன்னால் அதைத் திருத்தலாம். ஒருவரே ஏழு முறை சொன்னால் அது ஒரு குறைதான்.

இதுவரை சொன்னவை குறைகள். ஏச்சு எல்லை தாண்டி உடலை, சாதியை, குடும்பத்தை இழுத்தாலோ, வீட்டு முகவரியையும் வேலை இடத்தையும் பரப்பினாலோ, மிரட்டினாலோ அதற்குப் பெயர் விமர்சனம் இல்லை. 2024 ஜூலையில் டிக்டாக்கில் இயங்கிவந்த நம் சமூகத்துப் பெண் ஒருவர் இணையத் தொல்லைக்குப் பிறகு உயிரிழந்ததையும், அந்த விவகாரத்தில் ஒருவருக்கு 100 ரிங்கிட் அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டபோது எழுந்த கொதிப்பையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது இணையப் பகடிவதைக்கென்று தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. துன்புறுத்தும் நோக்கில் மிரட்டும், இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்துவதும், ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்பித் தொல்லை கொடுப்பதும் குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவும் இருக்கிறது. 2025 திருத்தத்துக்குப் பிறகு அதன் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகும். சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டமும் அதற்கென 2021இல் தொடங்கிய தனி நீதிமன்றமும் உள்ளன.

நடைமுறையில் செய்ய வேண்டியது சுருக்கமானது. முதலில் திரையைப் படம் எடுக்க வேண்டும். அனுப்பியவரின் கணக்குப் பெயர், தேதி, நேரம், இணைப்பு எல்லாம் அதில் தெரிய வேண்டும். அதன் பிறகுதான் தடுப்பது, நீக்குவது எல்லாம். கோபத்தில் முதலில் நீக்கிவிட்டால் புகாருக்குக் கையில் ஒன்றும் இருக்காது. தளத்திடம் புகார் செய்து, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் தெரிவித்து, மிரட்டல் என்றால் நேரே காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். போகும்போது பழைய அறிவிப்பாளரும் கூடப் போக வேண்டும். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், ‘நான் இல்லாமலே போயிடலாம்’ என்ற நினைப்பு ஒருமுறை வந்தால்கூட அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.

பத்து அங்கம் முடிந்தபின் இருவரும் ஒருநாள் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து முதல் அங்கத்தையும் பத்தாவதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். ஒலிவாங்கித் தூரம் சரியாகியிருக்கும், “ஆமா ஆமா” குறைந்திருக்கும், ‘பழம்’ பழமாகியிருக்கும். அப்போதும் இந்த வேலை தனக்கு ஒத்துவரவில்லை என்று புதியவருக்குத் தோன்றினால் விலகிக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. விலகுவதென்றால் நிகழ்ச்சியிலேயே நேயரிடம் சொல்லிவிட்டு விலக வேண்டும், அடுத்து அந்த நாற்காலியில் உட்கார வருகிறவருக்கும் “பழைய ஆள் எங்கே?” என்ற கேள்வி காத்திருக்கிறது.